மலைப்பாதையில் படகு டிரெய்லர்: தூக்கி வைத்த அவுட்போர்டு மோட்டாருக்கு எங்கே முட்டுக் கொடுப்பது?

கொடைப்படகு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, பெருமாள்மலைப் பக்கம் இருக்கிறோம். 14 அடி ஃபைபர் படகு ஒன்று டிரெய்லரோடு விலைக்கு வந்தது, வாங்கிவிட்டோம். மச்சான் வீடு தொண்டியில். லீவு நாட்களில் படகை அங்கே கொண்டுபோய்க் கடலில் இறக்கி, திரும்பும்போது மேலே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது திட்டம். கடற்கரையிலேயே விட்டுவைத்தால் உப்புக்காற்றில் போய்விடும். இங்கே வீட்டோடு நல்ல கொட்டகை இருக்கிறது.

மோட்டார் படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு வகை, 25 எச்.பி., இரண்டு ஸ்ட்ரோக், எடை ஐம்பது கிலோ பக்கம். ஹைட்ராலிக் கிடையாது, கையால் தூக்கிச் சாய்க்கிற வகை. விற்றவர், "தூக்கிவிட்டு பக்கத்தில் இருக்கிற லீவரைத் தட்டிவிடுங்கள், அப்படியே நிற்கும், இழுத்துக்கொண்டு போகலாம்" என்றார். மோட்டாரின் கையேடு வேறு மாதிரி சொல்கிறது: அந்த லீவரை நம்பி டிரெய்லரில் இழுக்கக் கூடாதாம், மோட்டாரை ஓட்டும்போது இருக்கிற மாதிரி நேராக இறக்கி வைத்தே இழுக்க வேண்டுமாம்.

நேராக இறக்கினால் அடித்தகடு, அதாவது புரொப்பல்லருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற தகடு, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில்தான் நிற்கிறது. வத்தலக்குண்டு ரோட்டில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சரிவு மாறுகிற இடத்தில் தட்டிவிடும் என்று பயமாக இருக்கிறது. தூக்கினால் கையேடு கூடாது என்கிறது, இறக்கினால் ரோடு விடாது. மலையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

கடலோடி_தொண்டி எழுதியது:

தம்பி, கழற்றிவிடுங்கள். எங்கள் பக்கம் கரைக்கு வந்ததும் மோட்டாரைக் கழற்றிக் கம்பில் கட்டி, இரண்டு பேர் தோள் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். மோட்டார் இல்லாத படகுக்கு முட்டும் வேண்டாம், பயமும் வேண்டாம். கழற்றியதும் கொஞ்ச நேரம் நேராக நிறுத்தித் தண்ணீர் முழுக்க வடிய விடுங்கள். படுக்க வைக்கும்போது தலைப்பக்கம் எப்போதும் புரொப்பல்லர் பக்கத்தைவிட மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

கொடைப்படகு எழுதியது:

அண்ணே, அதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் இந்த மோட்டார் கை இறுக்கு ஸ்க்ரூவில் மட்டும் நிற்கவில்லை. பின்பலகையைத் துளைத்து நான்கு போல்ட் போட்டு, சீலண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் கேபிளும் கியர் கேபிளும் முன்னால் வரை போகின்றன. ஒவ்வொரு தடவையும் போல்ட்டைப் பிடுங்கினால் துளை வழியாகத் தண்ணீர் ஏறிப் பலகை ஊறிவிடாதா?

கடலோடி_தொண்டி எழுதியது:

அப்படியானால் கழற்ற வேண்டாம். சீலண்டை அடிக்கடி கலைத்தால் உள்ளே இருக்கிற பிளைவுட் ஊறிப்போகும். மலைக்காரர்கள் சொல்லட்டும்.

ஊட்டி_மெக்கானிக் எழுதியது:

கையேடு சொல்வது சரிதாங்க. அந்த லீவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சுண்டுவிரல் தடிமனில் ஒரு கம்பி, அல்லது விரல் அகலத்தில் ஒரு தகடு. மோட்டாரைத் தூக்கியதும் அது பிராக்கெட்டில் ஒரு சின்னப் பள்ளத்தில் போய் உட்காரும். படகு கரையில் சும்மா கிடக்கும்போது மோட்டார் கீழே விழாமல் தாங்குவதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். புரொப்பல்லரில் சிக்கிய பாசியை எடுக்க, ஆழமில்லாத இடத்தில் கரை ஒதுங்க, அதற்கெல்லாம் அது போதும்.

ரோட்டில் நடப்பது வேறு. சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது மோட்டார் முதலில் மேலே துள்ளும், அப்புறம் கீழே இறங்கும். மேலே துள்ளுகிற அந்த நொடியில் லீவரில் பாரமே இல்லை, அது தானாக விலகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. விலகாவிட்டாலும், திரும்பி இறங்கும்போது ஐம்பது கிலோ இரண்டு மூன்று மடங்காகக் கனத்து அந்தச் சின்னக் கம்பிமேல் அடிக்கும். பிராக்கெட் அலுமினிய வார்ப்பு. அது வளையாது, வெடிக்கும். வேகத்தடை ஒன்றில் போகாது. நூறு வேகத்தடைக்கு அப்புறம் போகும்.

அந்த அடி முழுக்கக் கடைசியில் போய்ச் சேருகிற இடம் படகின் பின்பலகை. அசையாமல் நிற்கும்போது பின்பலகைக்கு ஒரு சிரமமும் இல்லை. கடலில் மோட்டார் தள்ளுகிற விசையைத் தாங்கத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். ரோட்டில் வருவது முன்னும் பின்னும் மாறி மாறி நெம்புகிற விசை. அதற்குப் போல்ட் துளை லூசாகும், மூலைகளில் மயிரிழை விரிசல் விடும்.

கையேட்டின் அந்தப் பத்தியில் அடுத்த வரியையும் படியுங்கள். பெரும்பாலான கையேடுகளில், தரைக்கு இடைவெளி போதாவிட்டால் மோட்டாரைத் தூக்கித் தனியாக ஒரு தாங்கி வைத்து இழுக்கச் சொல்லியிருப்பார்கள். மலைக்காரர்களுக்கு அந்த வரிதான் வேண்டும்.

பட்டறைக்காரர் எழுதியது:

வத்தலக்குண்டுப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ரெடிமேடாகவும் கிடைக்கிறது, ஆனால் செய்துகொள்வது சுலபம். டிரெய்லரின் பின் குறுக்குச் சட்டத்தில் ஒரு காது வெல்ட் பண்ணி, அதில் ஒரு பின் போட்டு, ஒன்றேகால் இஞ்ச் சதுரக் குழாய் ஒன்று. குழாயின் மறு முனையில் ஆங்கிளை வளைத்து ஒரு கவட்டை. மோட்டாரின் கால், கியர் பெட்டிக்குச் சற்று மேலே இருக்கிற ஒடுங்கின பகுதி, அந்தக் கவட்டையில் வந்து உட்கார வேண்டும். கவட்டைக்கு உள்ளே லாரி டியூபை இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டுங்கள், பெயின்ட் உரியாது.

குழாய்க்குள் குழாய் போட்டு, நாலைந்து துளை போட்டால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். துளையில் போடுகிற பின் நழுவாமல் பிடிக்க ஆர் கிளிப் (வளைந்த கம்பி கிளிப்) அவசியம். வெறும் போல்ட்டைச் சொருகிவிட்டுப் போகாதீர்கள். டிரெய்லர் ஜி.ஐ. பூசியதாக இருந்தால் வெல்ட் பண்ணுகிற இடத்தில் துத்தநாகத்தை முதலில் தேய்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தப் புகை வெல்டருக்கு ஆகாது, வெல்டும் பிடிக்காது.

இப்படிச் செய்தால் மோட்டாரின் பாரம் பின்பலகையை விட்டு டிரெய்லர் சட்டத்துக்குப் போய்விடும். லீவரை அப்புறம் தொடவே வேண்டாம்.

ஊட்டி_மெக்கானிக் எழுதியது:

அண்ணா சொல்கிற தாங்கு கம்பி, அதாவது அந்தக் கவட்டை வைத்த குழாய், நல்ல சாமான்தான். ஆனால் இந்தப் படகுக்கு அதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கம்பியின் ஒரு முனை டிரெய்லரில், மறு முனை மோட்டாரில். மோட்டாரோ படகில் பூட்டியிருக்கிறது. படகு டிரெய்லர்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் மூன்றும் ஒரே சாமான் மாதிரி போகும், பிரச்சினை இல்லை. படகு டிரெய்லரில் துள்ளுகிறது என்று வையுங்கள். படகு மேலே போய்த் திரும்ப உட்காரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பி கீழிருந்து மோட்டாரின் காலைக் குத்தும். குத்து நேரே பின்பலகைக்குத்தான் போகும். பாரத்தைக் குறைக்க வைத்த கம்பியே பாரத்தை ஏற்றுகிறது என்று ஆகிவிடும்.

அதனால் நான் சொல்வது மரக்கட்டை. மோட்டாரைத் தூக்கினால் அதன் நடுப் பிராக்கெட்டுக்கும் பலகையைப் பிடித்திருக்கிற பிராக்கெட்டுக்கும் நடுவே இடம் விடும். அந்த இடத்தின் அளவுக்கு உறுதியான மரத்தில் ஒரு ஆப்பு வெட்டி வையுங்கள். தேக்கு இருந்தால் தேக்கு, இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த தைலமரம். சில்வர் ஓக் வேண்டாம், மெது. மோட்டாரை அந்த ஆப்பின்மேல் உட்கார வைத்துக் காலைப் பெல்ட் போட்டுக் கீழே இழுத்துக் கட்டினால், ஆடாது. மோட்டாரும் படகும் ஒன்று. டிரெய்லர் எப்படித் துள்ளினாலும் கவலையில்லை.

பட்டறைக்காரர் எழுதியது:

ஆப்பு வைத்தால் லீவர் தப்பிக்கும், சரி. பின்பலகை எப்படித் தப்பிக்கும்? நெம்புகிற விசை முழுக்க அங்கேதானே நிற்கிறது? ஐம்பது கிலோவை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் என்றால் இரும்புச் சட்டத்தில் இறக்குவதுதான் முறை.

புதுப்படகு எழுதியது:

இரண்டையும் சேர்த்து வைத்தால்?

குன்னூர்வாசி எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இரண்டு பேரும் தாண்டிப் போய்விட்ட ஒரு இடம் இருக்கிறது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படகின் பின்புறம் டிரெய்லரோடு கட்டியிருக்கிறதா?

நான் பார்த்தவரை சின்னப் படகு டிரெய்லர்களில் மூக்கில் ஒரு வின்ச் பெல்ட் இருக்கும், நடுவில் மேலாக ஒரு நைலான் கயிறு சுற்றியிருக்கும், அவ்வளவுதான். வின்ச் படகை டிரெய்லர்மேல் இழுத்து ஏற்றத்தான். துள்ளுவதைத் தடுக்க அதனால் முடியாது. நடுவில் சுற்றிய கயிறு பிடிக்கிற இடத்திலிருந்து மோட்டார் ஆறேழு அடி தள்ளி நிற்கிறது. அதிகமாகத் துள்ளுவது பின்புறம். பாரம் முழுக்கவும் அங்கேதான். அங்கே ஒரு கட்டும் இல்லை என்றால் கம்பி வைத்தாலும் ஆப்பு வைத்தாலும் மோட்டார் அடி வாங்கும்.

பின்பலகையின் வெளிப்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் இருக்கும். இல்லையென்றால் உள்பக்கம் அகலமான தகடு வைத்துப் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் நேராகக் கீழே டிரெய்லர் சட்டத்துக்கு ஒரு ராட்செட் பெல்ட் (பிடியை நெம்பி நெம்பிப் பல் பல்லாக இறுக்குகிற பெல்ட்). சாய்வாக முன்னோக்கி இழுக்காதீர்கள். துள்ளலைத் தடுப்பது நேர் கீழ் இழுப்புதான். இறுக்கியபின் படகின் பின் மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். படகு மட்டும் எழும்பினால் இன்னும் இறுக்க வேண்டும். டிரெய்லரின் ஸ்பிரிங்கும் சேர்ந்து எழும்பினால் சரி.

அடுத்தது, படகு உட்கார்ந்திருக்கிற நீளப் பலகைகள். அவை பின்பலகைக்கு நேர் கீழே வரை வர வேண்டும். அரை அடி முன்னாலேயே நின்றுவிட்டால் மோட்டாரின் கனம் அந்தரத்தில் தொங்கும். நாளடைவில் படகின் அடியே அந்த இடத்தில் குழிந்துவிடும். தண்ணீரில் வேகம் எடுக்காது, மூக்கு அமுங்கும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் படகும் டிரெய்லரும் ஒன்றாகிவிடும். அப்புறம் பட்டறைக்காரர் சொன்ன கம்பிதான் என் தேர்வு, ஏனென்றால் பின்பலகைக்குப் பாரம் குறைகிறது. கையால் தூக்குகிற மோட்டாரை மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஹைட்ராலிக் இல்லை, அதனால் காலைக் கவட்டையோடு சேர்த்து ஒரு பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். கட்டாமல் சும்மா சாய்த்து வைத்தால் முதல் வேகத்தடையிலேயே கவட்டையைவிட்டு எழும்பும்.

படகைப் பின்னால் கட்ட வழியே இல்லாத டிரெய்லர் என்றால் மட்டும் மெக்கானிக் சொன்ன ஆப்பு. ஒன்று டிரெய்லரோடு சேர்ந்து ஆட வேண்டும், இல்லை படகோடு சேர்ந்து ஆட வேண்டும். புதுப்படகு கேட்ட மாதிரி இரண்டையும் சேர்த்து வைத்தால் எது பாரம் தாங்குகிறது என்றே தெரியாது, வேண்டாம்.

ஊட்டி_மெக்கானிக் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேங்க. பின்புறம் இறுக்கிக் கட்டியிருந்தால் என் ஆட்சேபம் போய்விட்டது. கொடைப்படகு, நீங்கள் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டாரைத் தூக்கி லீவரில் நிறுத்துங்கள். ஒருவர் அடித்தகட்டைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டட்டும். நீங்கள் படகுக்குள் உட்கார்ந்து பின்பலகையின் மேல் விளிம்பையும், இரண்டு பக்கச் சுவரோடு அது சேருகிற மூலையையும் பாருங்கள். அப்புறம் ஸ்பேனரின் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிக் கேளுங்கள்.

கொடைப்படகு எழுதியது:

இன்று காலையில் பார்த்தோம். தம்பி அடித்தகட்டைப் பிடித்து ஆட்டினான், பெரிய பலம் ஒன்றும் கொடுக்கவில்லை. பலகையின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் போய் வருகிறது. இடது மூலையில், ஜெல் பூச்சில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. முதலில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. ஆட்டும்போது கோடு திறந்து மூடுகிறது.

தட்டியபோது மேலே எல்லா இடமும் கணீர் என்று கேட்டது. கீழே வலது போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் சத்தம் அடைத்துக்கொண்டது.

நீளப் பலகைகளையும் அளந்தேன். பின்பலகைக்கு 8 இஞ்ச் முன்னாலேயே நின்றுவிடுகின்றன. படகு இதற்கு முன்பு இருந்தவரிடம் எத்தனை ரோடு பார்த்ததோ, அதன் தடம் எல்லாம் அந்த மூலையில் இருக்கிறது.

ஊட்டி_மெக்கானிக் எழுதியது:

அப்படியானால் முட்டுக் கொடுப்பதற்கு முன்னால் பலகையைச் சரிசெய்யுங்கள். அடைத்த சத்தம் வருகிற இடத்தில் பிளைவுட் ஊறியிருக்கிறது. வலது கீழ் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டுங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் பயமில்லை. கறுப்பாக, ஈரமாக, மண்வாசனையோடு வந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்து ஃபைபர் போட வேண்டும். உள்ளங்கை அளவில் நின்றால் சின்ன வேலை. நன்றாகக் காயும்வரை மூடாதீர்கள். கொடைப் பனியில் தானாகக் காயாது. கொட்டகைக்குள் பல்பு கட்டி வெப்பம் கொடுக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது உள்பக்கம் சின்ன வாஷர் போடாமல், இரண்டு போல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி அலுமினியத் தகடு வையுங்கள். மூலை விரிசலைத் தேய்த்து எடுத்துவிட்டு உள்ளேயும் வெளியேயும் ஃபைபர் பாய் வையுங்கள். மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் திரும்ப விடும்.

கோத்தகிரித்தேயிலை எழுதியது:

கட்டுவதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேங்க, நாங்கள் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு டிரெய்லர் இழுப்பவர்கள்.

கொண்டை ஊசியில் டிரெய்லர் சக்கரம் உள்பக்கம் அறுத்துக்கொண்டு வரும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது வெளிப்பக்கம் வீசும். மோட்டாரைத் தூக்கி வைத்தால் அந்த நீட்டம் இன்னும் கூடுகிறது. எதிரே ஏறி வருகிற பஸ்ஸின் முகப்போ, ஓரத்துச் சுவரோ, அந்த வீச்சுக்குள் வந்தால் முதலில் போவது புரொப்பல்லர். மலைப்பாதையில் இறங்குபவர்தான் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும், அது சட்டம். டிரெய்லரோடு இறங்கும்போது வளைவுக்கு முன்னாலேயே நின்று ஏறுகிற வண்டியை அனுப்பிவிட்டு, வளைவு முழுக்கக் காலியானபின் திரும்புங்கள்.

புரொப்பல்லருக்குச் சாக்குப்பை கட்டி அதன்மேல் சிவப்புத் துணி. மோட்டார் டெயில் லேம்ப்பை மறைக்கிறதா என்று பின்னால் போய் நின்று பாருங்கள். மறைத்தால் விளக்குப் பலகை ஒன்றை மோட்டாருக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். பர்லியார் பக்கமோ ஊத்துப் பக்கமோ மூடுபனி இறங்கினால் அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான் பின்னால் வருபவருக்குத் தெரியும்.

ஸ்டீயரிங்கும் முக்கியம். மோட்டார் இடது வலதாகத் திரும்பாமல் இருக்க வேண்டும். கேபிள் பிடிக்கும் என்று விட்டுவிடாதீர்கள், கவட்டையில் கட்டுகிற பெல்ட்டை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டினால் அதுவே போதும்.

அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்குகிற ரோடு தூரம் குறைவு என்று யாராவது சொல்வார்கள். டிரெய்லரோடு அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

குன்னூர்வாசி எழுதியது:

கோத்தகிரி அண்ணா சொன்னதோடு ஒன்று. கொக்கிமேல் விழுகிற பாரத்தைப் பாருங்கள். படகு, மோட்டார், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 400 கிலோ என்று வைத்தால், கொக்கியில் 20 முதல் 40 கிலோ வரை அழுத்த வேண்டும். வீட்டில் எடை பார்க்கிற மெஷினை ஒரு கட்டைமேல் வைத்து, டிரெய்லரின் மூக்கை வண்டியில் மாட்டும் உயரத்தில் அதன்மேல் இறக்கினால் தெரிந்துவிடும். ஐம்பது கிலோ மோட்டார் கடைசி முனையில் தொங்குவதால் உங்களுக்குக் குறைவாகத்தான் காட்டும். ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னால் சாயும். மூக்கு லேசாக இருந்தால் சமவெளியில் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலை ஆட்டும். நங்கூரம், பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் படகின் முன்பக்கம் நகர்த்துங்கள்.

புதுப்படகு எழுதியது:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 5 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக், இருபத்தைந்து கிலோவுக்குச் சற்று மேலே. கழற்றி வண்டிக்குள் வைத்துத்தான் கொண்டுபோவேன். படுக்க வைப்பதில் ஏதாவது முறை இருக்கிறதா?

ஊட்டி_மெக்கானிக் எழுதியது:

கட்டாயம் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக்கை, தண்ணீர் வடிந்தபின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்க வைக்கலாம். நான்கு ஸ்ட்ரோக்கில் அடியில் ஆயில் நிற்கிறது. தப்பான பக்கம் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறும், அடுத்த தடவை ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கவே வராது. எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று மோட்டாரின் உடம்பிலேயே ஸ்டிக்கரோ, ரப்பர்க் காலோ வைத்திருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உங்கள் மோட்டாரில் பார்த்துச் செய்யுங்கள்.

கார்புரேட்டர் வகை என்றால், கழற்றுவதற்கு முன்னால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தண்ணீர் கொடுத்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும், வண்டிக்குள் நாற்றம் வராது.

மலைக்காரர்களுக்கு என்று ஒன்று. கொடை 2,100 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கீழே இறுக்கி மூடிய பெட்ரோல் டேங்க்கை மேலே கொண்டுவந்தால் புடைத்துக்கொள்ளும். குழாய் மோட்டாரில் மாட்டியிருந்தால் அந்த அழுத்தம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளிவிடும். அதனால் எந்தப் பயணத்திலும் குழாயை மோட்டாரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மேலே வந்ததும் டேங்க்கின் காற்றுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

கோத்தகிரித்தேயிலை எழுதியது:

இதனால்தான் இங்கே ஓட்டிப் பார்த்தால் மோட்டார் சோம்பலாக இருக்கிறதா?

ஊட்டி_மெக்கானிக் எழுதியது:

ஆமாங்க. 300 மீட்டருக்கு மூன்று சதவீதம் அளவில் பலம் குறையும். ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், காற்று குறைந்து பெட்ரோல் கூடிக் கலவையும் கொழுத்துவிடும். இங்கேயே ஓட்டுகிற மோட்டாருக்குச் சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற துளைத் திருகு) மாற்றலாம். கொடைப்படகு கடலில் ஓட்டப் போகிறார், அதனால் ஜெட்டைத் தொட வேண்டாம். மலைக்கு மாற்றிய சின்ன ஜெட்டோடு கடல் மட்டத்தில் ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் காய்ந்துவிடும்.

குன்னூர்வாசி எழுதியது:

தூக்கி வைத்த மோட்டாரைப் பற்றி இன்னொரு விஷயம், இது வீட்டுக்கு வந்தபின். கம்பியில் கட்டியபடியே வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் உறைபனி விழும். கொடையிலும் ஏரிப் பக்கம் ஜிம்கானா மைதானத்தில் புல் வெளுத்துக் கிடக்கும். தூக்கி வைத்த மோட்டாரில் புரொப்பல்லர் நடுவே புகை வெளியேறுகிற பாதை வானம் பார்த்து நிற்கிறது, மழையும் பனியும் அதற்குள் தேங்கும். அது உறைந்தால் விரிந்து வார்ப்பையே பிளந்துவிடும். கொட்டகைக்கு வந்ததும் மோட்டாரை நேராக இறக்கி நிறுத்திவிடுங்கள், தண்ணீர் தானாக வடிந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

கடலோடி_தொண்டி எழுதியது:

கடலில் இறக்கும்போது வரிசை தவறக் கூடாது, தம்பி. கரையில், தண்ணீருக்கு முன்னாலேயே பின்பக்க ராட்செட் இரண்டையும் கழற்றுங்கள், மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றுங்கள், மோட்டாரைக் கொஞ்சம் தூக்கிக் கம்பியை எடுத்து வண்டிக்குள் போடுங்கள். அப்புறம் மோட்டாரை லீவரில் நிறுத்திக்கொண்டு இறக்குங்கள், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு லீவர் போதும். வின்ச்சை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். கம்பியை எடுக்க மறந்து படகைத் தள்ளினால் அது மோட்டாரின் காலைக் கவ்விக்கொண்டு வரும்.

ஏற்றும்போது எல்லாம் தலைகீழ். உப்புத் தண்ணீர் பட்ட பெல்ட்டையும் ராட்செட்டையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். எங்கள் பக்கம் ராட்செட் ஒரு சீசனில் துருப்பிடித்துப் பூட்டிக்கொள்ளும்.

கொடைப்படகு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

போல்ட் துளையைச் சுரண்டியபோது ஈரத் தூள்தான் வந்தது, ஆனால் உள்ளங்கை அளவுக்கு மேல் பரவவில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்து, பல்பு போட்டுக் காயவைத்து, புதுப் பலகை வைத்து மூடினோம். உள்பக்கம் அலுமினியத் தகடு போட்டாயிற்று. நீளப் பலகைகளை மாற்றிவிட்டோம், இப்போது பின்பலகையைத் தாண்டி ஒரு விரல் வெளியே நிற்கின்றன. கம்பி வத்தலக்குண்டில் செய்தது. கவட்டையில் லாரி டியூப்.

கொக்கிப் பாரம் முதலில் 12 கிலோதான் காட்டியது. பேட்டரியையும் டேங்க்கையும் முன்னால் நகர்த்தி, வின்ச் தூணை ஒரு சாண் முன்னால் தள்ளிப் படகையும் இழுத்ததும் 27 வந்தது. படகு முன்னால் போனதால் நீளப் பலகைகளையும் அதற்கேற்ப மாற்றிப் பூட்டினோம்.

ஊத்து வரை இறங்கித் திரும்பி வந்து பார்த்தோம். தம்பி பின்னால் பைக்கில் வந்து மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் பின்பக்க ராட்செட்டைப் போடாமல், கம்பி மட்டும் வைத்து வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை மெதுவாக இழுத்தோம், வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. வேகத்தடையில் மோட்டாரின் தலை ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஆடியதாம். மெக்கானிக் அண்ணா சொன்ன அதே குத்து. ராட்செட் இரண்டையும் இறுக்கியபின் அதே வேகத்தடையில் டிரெய்லர் ஸ்பிரிங் மட்டும் அமுங்கி எழுந்தது. மோட்டாரின் தலைக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மாறவே இல்லை என்கிறான். வளைவுகளில் அடித்தகடு தரைக்கு இரண்டடிக்கு மேல் நின்றது.

திரும்பி வந்து பார்த்தால் இடது ராட்செட் மட்டும் ஒரு பல் அளவு தளர்ந்திருந்தது. இது இயல்பா, இல்லை பெல்ட்டை மாற்ற வேண்டுமா?

குன்னூர்வாசி எழுதியது:

இயல்புதான், புது பெல்ட் முதல் தடவை கொஞ்சம் நீளும். படகும் புது நீளப் பலகையில் அமுங்கி உட்காரும். டம்டம் பாறையில் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள், காட்ரோட்டில் இறங்கியதும் ஒருமுறை. அங்கே சக்கரத்தின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பாருங்கள், சூடு கை தாங்க வேண்டும். அப்புறம் மதுரை தாண்டி டீ குடிக்க நிறுத்தும்போது பார்த்தால் போதும். பெல்ட் படகின் மூலையில் உரசுகிற இடத்தில் ஒரு துண்டு டியூப் சுற்றிவிடுங்கள், நூல் பிரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பட்டறைக்காரர் எழுதியது:

கீழே இறங்கும்போது பட்டறைப் பக்கம் வாருங்கள் தம்பி. காது வெல்ட் பண்ணிய இடத்தில் ஜிங்க் பெயின்ட் இன்னொரு கை அடித்துத் தருகிறேன். உப்புத் தண்ணீர் பட்டால் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.